நீர்மேல் எழுதிய பாத்தியதை

சென்னைக்குத் தெற்கே ஓர் ஏரியை ஒட்டி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் என் போன்றவர்களுக்கு மாதந்தோறும் ஒரு சுற்றறிக்கை வந்து சேரும். குடியிருப்போர் நலச் சங்கத்தார் அச்சடித்துக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் அந்த இரண்டு பக்கத் தாளில், பொங்கல் விழாக் கோலப் போட்டியில் பரிசு பெற்றவர்களின் பெயர்களும், தண்ணீர் லாரிக்கு அந்த மாதம் ஆன செலவும், லிஃப்ட் பழுதுபார்த்த வரலாறும், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தோருக்கு விடுக்கும் எச்சரிக்கையும் முறையே இடம்பெற்று முடிந்த பிறகு, எந்த மாதமும் தவறாமல், கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய விவகாரம் ஒன்று அரைப் பக்கத்துக்குக் குறையாமல் நீளும். ஏரியைப் பற்றி மட்டும் ஒரு வரி இராது. ஏரியைப் பார்க்கும் சாளரம் உள்ள வீட்டுக்கு விலை சில லட்சம் கூடுதல் என்ற ஒன்றைத் தவிர, அதற்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதன் ஜலத்தை நாங்கள் குடிப்பதில்லை, அதில் இறங்குவதில்லை, அதன் மீனை உண்பதும் இல்லை. லாரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஏரிக்கரைவாசிகள் என்று பெருமை பேசும் விநோதமான பிரஜைகள் நாங்கள்.

ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் கூடிச் சங்கம் வைத்து, சந்தா வசூலித்து, கட்டுப்பாடு வகுத்து, மீறியவனுக்கு அபராதம் விதித்து வாழ்வது நகரத்தார் நேற்றுக் கண்டுபிடித்த நாகரிகம் என்று யாரேனும் எண்ணுவாராயின், அவர் ஒரு நாள் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போய்வருவது நலம். சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்திலும் தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலுமாகப் பரந்து, ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவால் வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது. நீர் வற்றும் காலத்தில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரும், பெருகும் காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டரும் என்று அதன் பரப்பு ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஆழமோ, சராசரியாகப் பார்த்தால், ஒரு மனிதனின் இடுப்பளவுதான். 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியா என்ற கோட்டையை இங்கே எழுப்பிய டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் பல காலம் இந்த ஊரிலிருந்தே நடத்தினார்கள் என்பதற்கு, இன்று எஞ்சி நிற்கும் கல்லறைகளே சாட்சி.

பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்த்தால், நீருக்கு அப்பால் சில குடியிருப்புகள் தெரியும். அவற்றுள் ஒன்று பசியாவரம். பெயர்க் காரணம் எதுவாக இருந்தாலும் சரி, அதைக் கேட்கும் காதுக்குப் பசியாதிருக்க யாரோ கொடுத்த வரம் என்றே அது ஒலிக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு என்று எதற்குப் புறப்பட்டாலும் முதலில் ஏரியைக் கடந்தாக வேண்டியிருந்த ஊர் இது. இடமணி, சாத்தன்குப்பம் முதலிய அண்டை ஊர்களுக்கும் அதே தலைவிதிதான். பாலம் வேண்டும் என்ற கோரிக்கை ஒரு தலைமுறைக்காலம் மனுவாகவே இருந்து, பிறகே சர்க்கார் அதைக் கையிலெடுத்தது. 2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசமாகப் படகேறிய 22 பேர் இதே ஏரியில் மூழ்கி மாண்ட செய்தியைப் படித்தவர்களுக்கு, உல்லாசத்துக்காக அல்லாமல் அரிசிக்காகவும் மருந்துக்காகவும் தினந்தோறும் அந்த நீரைக் கடந்தவர்களின் நினைவு அன்று எழுந்ததோ என்னவோ!

இந்த ஏரியின் தென்பகுதியில் வாழும் மீனவர்களிடையே 'பாடு' என்ற ஒரு முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பாடு என்ற சொல்லே எண்ணி எண்ணி மகிழத்தக்கது. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. வலையில் பட்டதும் பாடு. ஈழத்துப் பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்று ஒரு கடற்கரை ஊரே இருக்கிறது. பழவேற்காட்டிலோ, ஏரியின் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை கட்டுவதற்கு இன்னாருக்கு உள்ள உரிமைக்குப் பாடு என்று பெயர். உழைப்பு, இடம், கிடைப்பது, அதற்கான முறை ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட அந்த மக்களின் சாமர்த்தியம், சொத்து என்றதும் கிரயப் பத்திரத்தையும் சர்வே நம்பரையும் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராத நமக்கு எளிதில் கைகூடாது.

அதன் உட்பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் புகுந்து, உவர்ப்பும் நன்னீரும் கலந்த அந்த மிதமான நீரில் தின்று கொழுத்து, பருவம் வந்ததும் மீண்டும் கடலை நோக்கித் திரும்புகின்றன. கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டிக் காத்திருப்பவன் பிடிப்பது இப்படி வரப்போக இருக்கும் இறாலைத்தான். ஆகையால் எல்லா இடமும் சமம் அல்ல. நீரோட்டம் பாயும் வாய்க்கால்களை ஒட்டிய இடத்தில் ஓர் இரவில் கிடைப்பது, ஒதுங்கிய மூலையில் ஒரு வாரம் காத்துக் கிடந்தாலும் கிட்டாமல் போகலாம். நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொள்வான் என்று விட்டுவிட்டால், தினம் ஒரு கலகம்தான். அந்தக் கலகத்தைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே பாடு: வலை கட்டும் இடங்களைப் பெயர் சொல்லிப் பிரித்து, தலைக்கட்டுக் கணக்கில் பேர் உள்ளவர்களை எண்ணி, யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, கிடைத்த இடத்திலேயே ஒருவன் நிலைத்து உட்கார்ந்துவிடாதபடி முறைவைத்து மாற்றிக்கொண்டே போவது. இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை மட்டமான இடத்துக்குப் போவான். மட்டமான இடத்தில் இருந்தவன் தன் முறை வரும்வரை பொறுத்திருப்பான். அதிர்ஷ்டத்தைக்கூட வரிசையில் நிற்கவைத்துவிட்ட ஏற்பாடு இது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களில் இம்முறை நடந்துவருவதை, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக செபாஸ்டியன் மாத்யூ 1991-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசித் தீர்க்கும் வழக்கு, மீறியவனுக்கு அபராதம், கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் ஊர்க்காசு என்று எங்கள் சங்கத்தின் சுற்றறிக்கையில் உள்ள விஷயங்கள் அனைத்தும் அங்கேயும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பேச்சின் மையப் பொருள் ஏரி.

இந்த ஏற்பாட்டில் மயங்கி, எங்கள் சங்கக் கூட்டமொன்றில், ஓயாத கார் நிறுத்துமிடச் சச்சரவுக்குப் பரிகாரமாகச் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பகிர்ந்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். நிழலில் நிறுத்த உரிமை பெற்றவர்கள் வெயிலுக்கு வர வேண்டியிருக்கும் என்பது சபையோருக்கு உடனே விளங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய இடத்தை எவனாவது விடுவானா என்று ஒருவர் கேட்டார். செயலாளர் மட்டும், அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு நாலைந்து கூட்டங்கள் நடந்துவிட்டன.

பொதுவில் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தை ஒவ்வொருவரும் தன் ஆதாயத்துக்காக மேய்த்து மேய்த்துக் கடைசியில் எல்லோருமே நாசமாவது தவிர்க்க முடியாத துயரம் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியது உலகப் பிரசித்தம். அரசு பிடுங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்று பேசியவர்களுக்கெல்லாம் அது வெகுநாள் வேதமாக விளங்கியது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், மூன்றாவது மார்க்கமும் உண்டு என்பதை ஊர் ஊராகத் திரட்டிய உதாரணங்களால் நிறுவி, 2009-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று துருக்கியின் தென்கரையில் உள்ள அலான்யா என்ற ஊர். அங்கே மீனவர்கள் செப்டம்பர் மாதத்தில் பெயர்ப் பட்டியல் தயாரித்து, மீன் பிடிக்கும் இடங்களுக்கும் பெயரிட்டுச் சீட்டுக் குலுக்குகிறார்கள். ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை ஓர் இடம் மேற்கே. அலான்யாக்காரர்கள் 1970-களில் தொடங்கிச் சண்டை போட்டு, சோதித்துச் சோதித்துக் கண்டடைந்த ஏற்பாட்டின் உடன்பிறப்பு நம் வீட்டுக் கொல்லையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆயினும் பழவேற்காடு என்றால் பூநாரைகளும் மீன் குழம்பும் மட்டுமே நம் பத்திரிகைகளுக்கு நினைவு வரும்.

இவ்வளவு சிலாகித்த பிறகு, இந்த முறையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பாட்டுக்கு உரியவர் என்ற கணக்கு ஜாதியால் நிர்ணயமானது. பட்டினவர் குடும்பத்து ஆண்மக்களுக்குள்ளே நீதி துலாக்கோல் போல் நிற்கிறது; அந்த வளையத்துக்கு வெளியே அது எட்டிப் பார்ப்பதில்லை. இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஊர்ந்து போவதை ஏரிக்கரையில் இன்றும் பார்க்கலாம். ஆயினும் அவர்களுடைய தடவலுக்கு எந்தச் சீட்டிலும் இடமில்லை. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளிலிருந்து ஏரிக்கு வருபவர்களும், ஏரியை நம்பிய ஏனையோரும், சுத்துவலை கட்டாத ஓரங்களில் எஞ்சியதைத் தேடுகிறார்கள். மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் பட்டினவர் வீட்டுப் பெண்களுக்கே ஊர்க் கூட்டத்தில் உட்கார இடமில்லை என்னும்போது, மற்றவரைப் பற்றிச் சொல்வானேன்? இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டு விலை ஏறிய பிறகு, கதவுக்கு வெளியே நின்றவர்கள் தட்டத் தொடங்கினார்கள், உள்ளே இருந்தவர்கள் தாழ்ப்பாளை இறுக்கினார்கள், சச்சரவுகள் வெடித்தன. எந்தக் கலகத்தைத் தடுக்கப் பாடு பிறந்ததோ, அந்தக் கலகமே பாட்டின் வாசலில் வந்து நின்றது. இதைக் கண்டு, பழைய சம்பிரதாயம் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும் என்பாரும் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. சீட்டும் முறையும் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. பெயர்ப் பட்டியலில்தான் குற்றம்.

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். பாடு என்பது சொத்து. பல தலைமுறையாக மக்கள் அதை நம்பிக் கடன் வாங்குகிறார்கள், வலை பின்னுகிறார்கள், கல்யாணம் முடிக்கிறார்கள். ஆனால் நம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் சொத்து மண்ணில் மட்டுமே இருக்கிறது. ஐந்து சென்ட் மனைக்குப் பட்டா உண்டு; ஏரியில் ஒருவன் தன் பாட்டன் காலத்திலிருந்து முறைவைத்து ஆண்ட இடத்துக்குத் துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. சர்க்காரின் கணக்கில் அது நீர்நிலை, அவ்வளவே. நீர்மேல் எழுத்து என்று நாம் நிலையாமைக்குச் சொல்லும் உவமை, இம்மக்களுடைய பாத்தியதைக்கு அப்படியே பொருந்துகிறது.

அதன் விளைவுகளை வரிசையாகவே பார்த்துவிட்டோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது தீவில் இருந்த ஊர்கள் பெயர்ந்தன. 1980-இல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு எல்லை வகுத்தவர்கள் வலைக்கு உள்ள எல்லைகளை அந்தப் படத்தில் குறிக்கவில்லை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தது. கரை அரிக்கும், ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் மேடு அறுபடும், முகத்துவாரம் கெடும் என்று மீனவர்கள் அஞ்சினார்கள். 2021 ஜனவரியில் வைத்திருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்பும், பிறகு 2023 செப்டம்பரில் வைத்ததும் ஒத்திவைக்கப்பட்டன. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் அப்படியொரு கூட்டத்தில் ஒரு தரப்பின் மேஜைமேல் ஏக்கர் கணக்கும் வண்ணப் படங்களும் விரிந்திருக்க, இன்னொரு தரப்பினர் தங்கள் ஏரியின் இடப்பெயர்களை வாயால் சொல்லிக் கையால் காட்டிக்கொண்டு நிற்பார்கள் என்றால், அங்கே நடப்பது கருத்துக் கேட்பு என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்கான 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, மீனவ ஊர்களையும், மீன் உலர்த்தும் களம், படகுத்துறை முதலிய அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று பணித்தது. கரையில் உள்ள களத்தைக் குறிக்கலாம் என்றால், நீரில் உள்ள பாட்டைக் குறிப்பதற்கு என்ன தடை? கடல் தாண்டிப் பார்த்தால் முன்மாதிரியும் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் என்னும் ஊன்றுவலைத் தொழிலை நான்கு சங்கங்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்து நடத்திவந்தன. அந்த வழக்கத்தை அரசாங்கம் 1958-இல் ஒழுங்குவிதிகளாகவே பிரகடனம் செய்து, சட்டத்தின் பாதுகாப்பை அளித்தது. ஆனால் அந்த முன்மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். ஏனெனில் அங்கே அங்கத்தினன் யார் என்பதைப் பிறப்பு நிர்ணயித்த பழைய வழக்கமும் சேர்ந்தே சட்டமாகிவிட்டது. வழக்கத்தை எழுதிவைப்பதில் இந்த ஓர் ஆபத்து உண்டு: எழுதாதவரை வளைந்துகொடுத்தது, எழுதிய மறுநாளே கல்லாகிவிடும்.

ஆகையால் பழவேற்காட்டில் எழுதுவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும். மீன்வளத்துறையும் வருவாய்த்துறையும் ஊர்க் கூட்டங்களுக்குத் தாமே போய், பாட்டு இடங்களை அந்தந்த ஊரார் வழங்கும் பெயராலேயே படத்தில் குறித்து, அரசிதழில் வெளியிட வேண்டும்; அதே படத்தில் இருளர் பெண்கள் தடவும் சேற்றுத் திட்டுகளும், பசியாவரம், இடமணி போன்ற ஊரார் புழங்கும் நீரும், தாழ்த்தப்பட்டோர் வலை வீசும் ஓரங்களும் அதே மையில், அதே தடிமனில் குறிக்கப்பட வேண்டும். பாட்டு ஊர்களுக்கு அரசு அளிக்கும் அங்கீகாரம், ஏரி முழுவதற்கும் பொதுவான ஒரு சபையில் இவர்கள் யாவரும், பெண்கள் உட்பட, சரிசமமாக அமர்வதற்கு அவர்கள் இசைவதைப் பொறுத்ததாக இருக்கட்டும். பட்டினவர் ஊர்ப் பெரியவர்களுக்கு இது கசக்கும் என்பதை அறிவேன். ஆனால் 330 ஏக்கரை 6,100 ஏக்கராக்க வருகிறவரிடம் மூன்று குப்பங்கள் தனித்து நின்று பேசுவதைவிட, ஏரியைச் சூழ்ந்த ஊர்கள் அத்தனையும் ஒரே படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவதில் உள்ள பலம், நீரோட்டத்தைக் கண்ணால் பார்த்தே இரவின் பாடு இவ்வளவு என்று சொல்லக்கூடிய அவர்களுக்கு விளங்காமல் போகாது.

முகத்துவாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணல் மூடி வாய் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் வராது, ஏரியிலிருந்து படகும் போகாது. கற்சுவர் எழுப்பி அதை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடியிருக்கிறார்கள். மன்றாடிக் களைத்து, தாங்களே பணம் திரட்டி மணலை வாரிய காலமும் உண்டு. வீடு வீடாக அந்தப் பணத்தைத் திரட்டித் தந்த அமைப்பை விண்ணப்பக் கும்பலாக நடத்தாமல், அந்த வேலையில் கூட்டாளியாக நடத்துவதே நியாயம்.

ஏரியை அளக்கும் காரியம் என்றைக்குத் தொடங்கினாலும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆரணியாற்று வெள்ளம் நிறைந்திருக்கும் மாதங்களில் தொடங்குவதே உசிதம். கோடையில் போனால், அதிகாரிகள் படகை எதிர்பாராமல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பாதித் தூரம் நடந்தே அளந்துவிட்டு, இது ஏரியே அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும்.